காப்புரிமை மனுவின் துரிதப் பரிசோதனை: சங்கங்கள் அறிய வேண்டியவை

தொழிலில் புதுமை காண்போர் பெரிய ஆலைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் மட்டுமே இருக்கின்றனர் என்று எண்ணுவது பிழை. நாள்தோறும் தறியில் அமர்ந்திருப்பவருக்கே தறியின் குறை தெரியும். நாள்தோறும் நிலத்தில் உழைப்பவருக்கே கருவியின் குறை தெரியும். போச்சம்பள்ளிச் சேலைகளுக்குப் பெயர் பெற்ற தெலுங்கானாப் பகுதியில் சிந்தகிந்தி மல்லேசம் என்னும் நெசவாளர் இருக்கிறார். முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதற்கு முன் நூலை முளைகளின்மீது சுற்றி அமைக்கும் வேலைக்கு அங்கே "ஆசு" என்று பெயர். அவ்வேலையில் கையை ஓயாமல் முன்னும் பின்னும் வீசியதால் தம் அன்னையார் லட்சுமி தோள்வலியால் வருந்தியதைக் கண்ட மல்லேசம், அதனைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்றைப் பல ஆண்டுகள் முயன்று அமைத்தார். அதற்கு அன்னையாரின் பெயரையே சூட்டினார். 2017-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இத்தகைய அறிவு நம் சங்கங்களின் அங்கத்தினரிடையேயும் உண்டு. ஆனால் புதிய சாதனம் ஒன்றைக் கண்டவரிடம் காப்புரிமைக்கு மனுச் செய்யுமாறு சொன்னால், "அது கைக்கு வருவதற்குள் ஊரெல்லாம் அதைப்போல் செய்துவிடுமே, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமாமே" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றது அன்று. எனினும், காத்திருக்கும் காலத்தைக் குறைப்பதற்குச் சட்ட விதிகளிலேயே ஒரு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வழி யாருக்கு உரியது, அதனால் வரும் நன்மை யாது, அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலம் ஏன் முக்கியம்?

பேடண்டு என்று வழக்கில் சொல்லப்படும் காப்புரிமை, நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. இச்சட்டம் 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் அமலுக்கு வந்தது. பின்னர் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் முக்கியமான திருத்தங்களைப் பெற்றது. புதிதாக ஒன்றைக் கண்டவர் அதன் விவரத்தை மறைக்காமல் உலகுக்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம் வரையில் அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற உரிமையை அரசாங்கம் அவருக்கு அளிக்கிறது. இதுவே காப்புரிமையின் சாரம்.

இந்த உரிமையின் காலம் 20 ஆண்டுகள். இந்த 20 ஆண்டுகள் உரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. மனு அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் தங்கிவிட்டால், கைக்கு வரும் உரிமையின் ஆயுள் பதினான்கு ஆண்டுகளே. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நம்முடைய மூலதனத்திலிருந்தே கழிகிறது.

மற்றொன்றும் உண்டு. நம் சாதனத்தை ஒருவர் பார்த்துச் செய்து விற்கிறார் எனக் கொள்வோம். மனு பிரசுரமான நாளிலிருந்து உண்டான நஷ்டத்துக்கு ஈடு கோர இடமுண்டு. ஆயினும் உரிமை வழங்கப்படும் வரையில் அவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. புதிய சாதனத்துக்கு நல்ல விற்பனை இருக்கும் முதற்சில ஆண்டுகள் முழுவதும் கைகட்டி நிற்க வேண்டியதாகும்.

சாதாரண வழி

மனுவுக்கு நான்கு கட்டங்கள் உண்டு: தாக்கல், பிரசுரம், பரிசோதனை, தீர்ப்பு.

தாக்கல் செய்யப்பட்ட மனு 18 மாதங்கள் வரையில் இரகசியமாக வைக்கப்படுகிறது. அதன் பின்னரே காப்புரிமை அலுவலகத்தின் சஞ்சிகையில் பிரசுரமாகிறது. மனுச் செய்துவிட்டதாலேயே பரிசோதனை தொடங்கிவிடுவதில்லை. பரிசோதனை வேண்டும் என்று 18-ஆம் எண் படிவத்தில் தனியே கேட்டுக் கட்டணமும் செலுத்த வேண்டும். இதற்கு முன்னர் 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் மாதத்தில் அமலுக்கு வந்த விதிகள் அதனை 31 மாதங்களாகக் குறைத்துவிட்டன. அக்காலத்துக்குள் கேட்கத் தவறினால் மனு திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். இந்த ஒரு படிவத்தை மறந்ததனால் நல்லதொரு மனுவும் வீணாகப் போகக்கூடும். சங்கக் காரியதரிசிகள் இதனை மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

பரிசோதகர், இதே சாதனம் இதற்கு முன் எங்கேனும் வெளியாகியிருக்கிறதா, தொழில் அறிந்தவர் எவரும் எளிதில் எண்ணக்கூடிய சிறு மாற்றந்தானா, சட்டம் விலக்கிய இனத்தைச் சேர்ந்ததா என்றெல்லாம் ஆராய்ந்து, ஆட்சேபணைகளைத் தொகுத்து அறிக்கை தருவார். அதற்கு நாம் விடையளித்த பின்னர் கண்ட்ரோலர் எனப்படும் அதிகாரி மனுவைத் தீர்ப்பார். மனுக்களின் வரிசை நீண்டிருப்பதே தாமதத்துக்குப் பெரும் காரணம்.

துரித வழி

இவ்வரிசையில் நில்லாமல் தனி வரிசையில் செல்லும் வழியே துரிதப் பரிசோதனை. 2003-ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகளில், 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், 24-சி என்னும் விதி சேர்க்கப்பட்டதன் மூலம் இது ஏற்பட்டது. 2019 செப்டம்பரில் செய்த திருத்தத்தால் இன்னும் பல வகுப்பினருக்கு இது திறந்துவிடப்பட்டது.

இதற்கான மனு 18-ஏ எண் படிவம். இதனைக் காகிதத்தில் கொடுக்க இயலாது; மின்வழியாகவே தாக்கல் செய்ய வேண்டும். மனு இன்னும் பிரசுரமாகாமலும், முன்கூட்டிய பிரசுரம் கேட்கப்படாமலும் இருந்தால், அதனைக் கேட்கும் 9-ஆம் எண் படிவத்தையும் உடன் இணைக்க வேண்டும். அவ்வாறு கேட்டால் 18 மாதம் காத்திராமல் ஒரு மாதத்துக்குள் மனு பிரசுரமாகும். ஏற்கனவே சாதாரணப் பரிசோதனைக்குக் கேட்டிருப்பவர்களும், தகுதி இருப்பின், கட்டண வித்தியாசத்தைச் செலுத்தித் துரித வரிசைக்கு மாறிக்கொள்ளலாம்.

பின்னர் நடப்பவற்றுக்கு விதி காலவரம்பு வகுத்திருக்கிறது. துரித மனுக்கள், கேட்கப்பட்ட வரிசைப்படியே பரிசோதகரிடம் அனுப்பப்படும். அவர் ஒரு மாதத்தில், மிஞ்சினால் இரண்டு மாதத்தில், அறிக்கை தர வேண்டும். அதனைக் கண்ட்ரோலர் ஒரு மாதத்தில் பார்த்து முடிக்க வேண்டும். அதிலிருந்து 15 நாட்களுக்குள் முதல் ஆட்சேபணை அறிக்கை நமக்கு அனுப்பப்பட வேண்டும். நம்முடைய கடைசி விடை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு தீர்க்கப்பட வேண்டும். யாரேனும் எதிர்மனுக் கொடுத்திருந்தால் மட்டும் இவ்வரம்பு பொருந்தாது.

எவ்வளவு துரிதமாயினும், மனு பிரசுரமாகி ஆறு மாதம் முடிவதற்கு முன் உரிமை வழங்கப்பட மாட்டாது. பொதுமக்களில் எவரும் ஆட்சேபிப்பதற்காக விடப்படும் அவகாசம் அது. நியாயமான ஏற்பாடே. இதனால்தான் பிரசுரத்தையும் முன்கூட்டியே கேட்பது அவசியமாகிறது. இந்தக் காலவரம்புகள் ஒழுங்காக அனுசரிக்கப்பட்டு, நாமும் விரைந்து விடையளித்தால், ஏறக்குறைய ஓராண்டில் முடிவு தெரிந்துவிடக்கூடும்.

யார் கேட்கலாம்?

இச்சலுகை எல்லோருக்கும் உரியதன்று. விதியில் கூறப்பட்ட வகுப்புகளில் நம் அங்கத்தினருக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு.

முதலாவது, சிறு நிறுவனம் என்னும் வகுப்பு. இதன் வரையறை, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டத்தை ஒட்டியது. அச்சட்டம் தொழில் நிறுவனங்களின் வகைகளைச் சொல்லும்போது கூட்டுறவுச் சங்கத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எனவே உற்பத்தி செய்யும் நெசவாளர் சங்கம், தன் முதலீடு அச்சட்டம் வகுத்த நடுத்தர நிறுவன வரம்புக்கு உட்பட்டிருக்குமாயின், இவ்வகுப்பில் சேரலாம். உத்யம் பதிவுச் சான்றினைப் பெற்று, 28-ஆம் எண் படிவத்துடன் தாக்கல் செய்ய வேண்டும். பயிர்த்தொழில் மட்டுமே செய்யும் சங்கங்கள் இப்பதிவு தமக்குக் கிடைக்குமா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். எண்ணெய் ஆட்டுதல், நெல் அரைத்தல் போன்ற உற்பத்தி நடத்தும் சங்கங்களுக்கு வழி எளிது.

இரண்டாவது, பெண்கள். மனுதாரர்கள் யாவரும் தனி நபர்களாக இருந்து, அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருந்தால், துரிதப் பரிசோதனை கேட்கலாம். தார் சுற்றுவதிலும், பாவு சீர் செய்வதிலும், களையெடுப்பதிலும், அறுவடையிலும் பெரும்பாலான உழைப்பு பெண்களுடையதாக இருக்க, அவர்கள் கண்ட உபாயங்கள் ஆண்களின் பெயரால் வெளிவருவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். இவ்விதி அவ்வழக்கத்தைத் திருத்த உதவும். ஆனால் சலுகைக்காக மட்டும் பொய்யாக ஒரு பெயரைச் சேர்த்தல் ஆகாது. பெயர் சேர்க்கப்படுபவர் உண்மையிலேயே உரிமையில் பங்குடையவராக இருத்தல் வேண்டும்.

இவையன்றி, அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்டப் நிறுவனங்கள், அரசாங்கத் துறைகள், அரசாங்கத்தின் நிதியால் நடக்கும் நிறுவனங்கள் முதலியவையும் கேட்கலாம். தனி ஒரு ஆண் நெசவாளர் தம் பெயரில் மட்டும் மனுச் செய்தால், கட்டணச் சலுகை உண்டு. துரித வரிசை மட்டும் இல்லை. அவர் தம் உரிமையை எழுத்து மூலம் சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்து, சங்கம் மனுதாரராக நின்றால் அவ்வரிசை திறக்கிறது. சங்கத்தில் சேர்ந்திருப்பதன் பயன் இங்கே கண்கூடு.

செலவு

தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் மின்வழித் தாக்கலில் கட்டணம் ஒன்றே. மனுவுக்கு ரூ.1,600, முன்கூட்டிய பிரசுரத்துக்கு ரூ.2,500, துரிதப் பரிசோதனைக்கு ரூ.8,000, ஆக ரூ.12,100. சாதாரணப் பரிசோதனையாயின், மனுவுக்கு ரூ.1,600-ம் பரிசோதனைக்கு ரூ.4,000-ம் ஆக ரூ.5,600. வித்தியாசம் ரூ.6,500. பெரிய கம்பெனிகளுக்கு 18-ஏ படிவம் ஒன்றுக்கே கட்டணம் ரூ.60,000 என்பதை நோக்கினால் சலுகையின் அளவு விளங்கும். விவரணம் 30 பக்கத்தையோ, உரிமைக் கோரிக்கைகள் பத்தையோ தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு. விவரணம் எழுதித் தரும் முகவரின் ஊதியம் தனி. உரிமை கிடைத்த பின்னர் மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணமும் செலுத்தி வர வேண்டும்.

அவசரம் கூடாத இடங்கள்

துரிதப் பரிசோதனை வரிசையைக் குறைக்குமே தவிர, பலவீனமான மனுவைப் பலமாக்காது. பலவீனமான மனு துரிதமாகச் சென்றால் துரிதமாகவே தள்ளப்படும். ஆகவே மூன்று எச்சரிக்கைகளைக் கூற விரும்புகிறோம்.

ஒன்று: மனுச் செய்வதற்கு முன் காட்டாதீர்கள். தார் சுற்றும்போது நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் சாதனம் ஒன்றை அங்கத்தினர் ஒருவர் செய்கிறார் எனக் கொள்வோம். மகிழ்ச்சி மிகுதியால் அதைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் இயக்கிக் காட்டுகிறார். பத்துப் பேருக்குச் செய்தும் விற்கிறார். அதன் பின்னர் மனுச் செய்தால், அது புதியது அன்று, முன்பே வெளியாகிவிட்டது என்ற ஆட்சேபணை வரும். மத்திய அரசாங்கம் அறிவிக்கை செய்த கண்காட்சிகளில் காட்டுவதற்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. ஊர் விழாவுக்கு அவ்விலக்கு இல்லை.

இரண்டு: சாதனம் இன்னும் முழுமை பெறவில்லையென்றால் பிரசுரத்துக்கு அவசரப்படாதீர்கள். பிரசுரமானதைத் திரும்ப இரகசியமாக்க இயலாது. மனு தள்ளப்பட்டாலும் விவரம் வெளியானது வெளியானதே. இன்னும் திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தால், முதலில் தற்காலிக விவரணத்துடன் மனுச் செய்து நாளைப் பதிவு செய்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரணம் தாக்கல் செய்தால் போதும். முழு விவரணம் ஆயத்தமான பின்னரே துரித வழியை நாட வேண்டும்.

மூன்று: சட்டம் ஏற்காதவற்றுக்குப் பணத்தைச் செலவிடாதீர்கள். சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பயிரிடும் முறையையும் தோட்டக்கலை முறையையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. விதைக்கும் கருவிக்கு உரிமை கேட்கலாம்; விதைக்கும் முறைக்குக் கேட்க இயலாது. விதைகளும் பயிர் இரகங்களும் விலக்கப்பட்டவையே. அவற்றுக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. வழிவழியாக வந்த அறிவும் எவருக்கும் தனியுரிமை ஆகாது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூற்சான்றுகளைக் காட்டி ஆட்சேபித்ததன் பேரில் 1997-இல் ரத்தாயிற்று என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. சேலையின் புதிய கரை அழகுக்குக் காப்புரிமை இல்லை. அதற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் உண்டு. காஞ்சிபுரம் பட்டு என்பது போன்ற ஊர்ப் பெயரின் மதிப்பைக் காப்பதற்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு.

நம் கையில் உள்ள காலம்

தாமதம் என்றவுடன் அலுவலகத்தையே குறை கூறுகிறோம். ஆனால் ஆட்சேபணை அறிக்கைக்கு விடையளிக்க நமக்குத் தரப்படும் காலம் ஆறு மாதம். துரித வழியில் அலுவலகத்தார் எடுத்துக்கொள்ளும் எந்தக் கட்டத்தையும்விட இது நீண்டது. கடைசி வாரம் வரையில் காத்திருந்தால், கூடுதலாகக் கட்டிய ரூ.6,500-இன் பயனில் பெரும்பகுதியை நாமே இழக்கிறோம். விடையே அளிக்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அறிக்கை வந்த வாரத்திலேயே, கண்டுபிடித்தவரையும் முகவரையும் ஒன்றாக அமர்த்தி விடையை எழுதத் தொடங்குவதே சிறந்த துரிதம்.

மற்றொரு தடை மொழி. மனுவும் விவரணமும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. நெசவாளர் தமிழில் சொல்வதை முகவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, தறியை அறியாத முகவர் விழுதையும் அச்சையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடும். உரிமைக் கோரிக்கையில் எழுதப்பட்டது எதுவோ அதுவே காக்கப்படும். எழுதாமல் விட்டது ஊருக்குப் பொதுவாகிவிடும். ஆகவே எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் செய்து, சாதனத்தை முன்னே வைத்துக்கொண்டு சரிபார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும். நம் மாநிலத்தவரின் மனுக்களுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

சங்கத்தின் கடமை

பறக்கும் நாடாவைக் கண்ட ஜான் கே என்பவரின் வரலாறு நெசவாளர் அறியத் தக்கது. இங்கிலாந்தில் 1733-ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் நாடாவைப் பல உற்பத்தியாளர்கள் பயன்படுத்தினர். ஆனால் உரிமைத் தொகை கொடுக்க மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தபோது, அவர்கள் தமக்குள் ஒரு கூட்டம் அமைத்து, வழக்குச் செலவைப் பங்கிட்டுக்கொண்டனர். ஜான் கே வழக்குகளால் பொருளிழந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றார். உரிமைப் பத்திரம் அவரிடம் இருந்தது. கூட்டுறவோ எதிராளிகளிடம் இருந்தது. இன்றும் நாம் தறியில் ஓட்டும் நாடா இந்தப் பாடத்தைத் தாங்கியே ஓடுகிறது.

ஆகவே உரிமையைத் துரிதமாகப் பெறுவது பாதிக் காரியமே. அதனைக் காத்து நிற்கும் வலிமை தனி அங்கத்தினருக்கு இராது, சங்கத்துக்கு உண்டு. ஆனால் சங்கம் உரிமையை ஏற்கும்போது கண்டவரின் பங்கு மறைந்துவிடக் கூடாது. மனுவில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருக்க வேண்டும். உரிமை மாற்றப் பத்திரத்தில், வருவாயில் அவருக்கு எத்தனை பங்கு, அவர் காலத்துக்குப் பின் யாருக்கு, பிற சங்கங்களுக்கு அனுமதி தருவதை யார் தீர்மானிப்பது என்பன தெளிவாக எழுதப்பட வேண்டும். இவற்றை மகாசபையின் தீர்மானமாக நிறைவேற்றி, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்துகொள்வது உத்தமம். மனு சென்ற பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், சாதனம் நல்ல விலைக்குப் போகும் நாளில் சங்கத்துக்குள்ளேயே பிணக்கு எழும்.

ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டு தன் நிர்வாகக் குழுவில் ஒருவரை இதற்கென நியமித்து, அங்கத்தினரிடையே புதிய சாதனம் ஏதேனும் உருவாகி வருகிறதா என்று விசாரித்து வர வேண்டும். அத்தகையவர் ஒருவர் இருந்தால், அவர் அதனைக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்வதற்கு முன் சங்க அலுவலகத்துக்கு வரட்டும். முதலில் மனு, அடுத்து, விவரணம் முழுமையான பின் துரிதப் பரிசோதனை, அதன் பின்னரே விழாவும் விற்பனையும். இந்த வரிசை மாறாதிருந்தால், உழைப்பவர் கண்ட புதுமையின் பயன் உழைப்பவருக்கே கிட்டும்.